ஐந்து வெள்ளைக் கட்டங்கள்

அன்றைக்கு அப்பா தலையாட்டியது 'சரி' என்றா, 'வேண்டாம்' என்றா?

ஐந்து மாதமாக இந்த ஒரு கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். மகளுக்குத் தலை பின்னும்போதும், கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அப்பா தலையை மேலும் கீழுமாக ஆட்டினார், அதில் சந்தேகமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டரில் அந்தப் பொத்தானை அமுக்கினேன். ஆனால் அப்பாவின் தலையாட்டலை அப்படியே நம்பக் கூடாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பா நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா இறந்தபின் மூன்று வருடம் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தூத்துக்குடிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்வார். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு காலை, பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, ஆளைக் கூட்டி உடைத்துப் போய்ப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் கிடந்தாராம். என்னவெல்லாமோ ஓடிக்கொண்டிருந்தது, பயந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை அப்போது நான் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கவலையில் யாருக்குத்தான் தோன்றும் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. எழுதவும் வராது, வாசிக்கவும் வராது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல், ஸ்தோத்திரம். தாகத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான், பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் அதுதான். சபையிலிருந்து பார்க்க வந்த அம்மாமார் இரண்டு பேர் கண்கலங்கிப்போனார்கள். "இந்த நெலமையிலயும் வாயத் தொறந்தா ஸ்தோத்திரம்லா சொல்லுதாவ" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்பா அப்போது சிறுநீருக்காகத் துடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை எனக்கும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது, பாட்டு. சொந்தமாக ஒரு சொல் சேர்த்துப் பேச முடியாதவர், கோயில் பாட்டை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார். பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விளக்கினாள். என்னைவிட இளையவள். அவள்தான் ஒரு விதியையும் சொல்லித் தந்தாள். இவர்களுக்கு ஆமாவும் இல்லையும் இடம் மாறி வரும். அதனால் எதையும் இரண்டு தடவை கேளுங்கள், இரண்டாவது தடவை திருப்பிப் போட்டுக் கேளுங்கள் என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தண்ணீர் வேண்டாமா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினால் அது பதில் அல்ல.

பிறர் சொன்னதை அப்படியே செய்கிறவள் நான். சிறு வயதிலிருந்தே அப்படி. ரசத்துக்கும் சோற்றுக்கும், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் இரண்டு தடவை கேட்டேன். நாலு வயது மகள்கூடக் கற்றுக்கொண்டு, "தாத்தா, பிஸ்கட் வேணுமா? பிஸ்கட் வேண்டாமா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் அவர் தலையாட்டினால் தானே தின்றுவிடுவாள்.

நாசரேத் வீட்டைப் பூட்டியபோது அப்பாவின் துணிமணியோடு அவருடைய கம்ப்யூட்டரையும் வண்டியில் ஏற்றி வந்தோம். பழைய மேஜைக் கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் போட்டிருந்தார். இலவசமாகக் கிடைக்கிறதை விட்டுவிட்டு எதற்குத் திருட்டு விண்டோஸ் என்பது அவர் வாதம். எனக்கு அது பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஷிப்பிங் பில் அடித்துக்கொண்டிருந்தேன். விண்டோஸ் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு முன்னறையில் அதை வைத்து இணைப்புக் கொடுத்த அன்று, வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பா தானாக எழுந்து நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நீலத் திரையில் அவர் பெயர், அதன் கீழே பாஸ்வேர்டுக்கு ஒரு வெற்றுக் கட்டம். இடது கையால் ஏதோ நாலைந்து எழுத்து அடித்தார். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. நாலு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு மேஜைக்குப் போவார். அடிப்பார், வராது, என்னைப் பார்ப்பார். நான் அவருடைய பிறந்த நாள், என் பிறந்த நாள், வேலைக்குச் சேர்ந்த வருடம் என்று எதையாவது அடித்துப் பார்ப்பேன். பாஸ்வேர்டு என்ன அப்பா என்று கேட்பேன். அவர் பாட ஆரம்பித்துவிடுவார். எப்போதும் ஒரே பாட்டு. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பாடிய பாட்டு.

அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியாது. அப்பா ஆரம்பித்ததும் மகளுக்கு டிவியில் கார்ட்டூன் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். பாவம், நினைவு குழம்பி இதையே பாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கிடையில் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கடைத்தெருவில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "லினக்ஸா தங்கச்சி? இது எதுக்குப் போட்டு மல்லுக்கட்டுதிய? ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் ஏத்தித் தாரேன், சாயங்காலம் வாங்க" என்றார்.

"உள்ள இருக்கதெல்லாம் அண்ணாச்சி?"

"உள்ள இருக்கது போயிரும்லா."

திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று வந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் பார்க்கிறார். அதிகம் பேசாதவர். "ஏளா, மாமா எதையோ தேடுதாங்க. அது என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. பெட்டியத் தொறக்கது பொறவு" என்றார். நானோ திறந்தால்தானே தெரியும் என்றேன். யார் சொன்னது சரி என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது, பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பலகையைப் பார்த்தேன். அன்று பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைச் சொருகி வைத்திருக்கும் பலகை. எங்கள் கோயில்களில் பாட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட எண்ணைச் சொன்னால் ராகம் வந்துவிடும். சட்டென்று, எனக்கு முதல் தடவை ஈமெயில் திறந்து கொடுத்தபோது அப்பா வைத்த பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தது. பாட்டு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, அதோடு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் எண்ணைச் சேர்த்தார். அப்பா குழம்பவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் டிவியைக் கூட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி எண்ணை எடுத்து அடித்தேன். தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தேன், அப்போதும் தவறு. இரண்டு நாள் கழித்துத்தான் திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு குறி இருப்பதைப் பார்த்தேன். விசைப்பலகை தமிழில் இருந்தது. அப்பாவின் கை பட்டு எப்போதோ மாறியிருக்க வேண்டும். கட்டத்தில் விழுவது வெறும் புள்ளிகள்தானே, எந்த மொழியில் விழுகிறது என்று வெளியே தெரியாது. ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தேன். தவறு என்ற வரி வரவில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரை கறுத்தது. ஒரு கணம்தான். மறுபடி அதே நீலத் திரை, அதே பெயர், அதே வெற்றுக் கட்டம்.

பாஸ்வேர்டு சரி, ஆனால் உள்ளே விடவில்லை. எத்தனை தடவை அடித்தாலும் கறுத்து, திரும்பி வந்து நின்றது. கதவைத் திறந்து, நம் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சாத்துவது மாதிரி. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று பாடவும் இல்லை.

பிறகு நான் போனில் தேட ஆரம்பித்தேன். மகள் பிளே ஸ்கூலுக்குப் போயிருக்கும் மூன்று மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ஆடிக் காற்று அடிக்கும் மாதம். எவ்வளவு துடைத்தாலும் விசைப்பலகையில் உப்புப் பிசுபிசுப்பும் மண்ணும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதியிருந்தார்கள். வீடியோ கார்டாக இருக்கலாம், ஏதோ ஒரு சின்னக் கோப்பின் உரிமை மாறியிருக்கலாம், டிஸ்க் நிரம்பியிருக்கலாம். நிரம்பிவிட்டால் உள்ளே நுழையும்போது எழுத வேண்டிய சிறு குறிப்பைக்கூட எழுத இடமிருக்காதாம், அதனால் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடுமாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் படமில்லாத கறுப்புத் திரை ஒன்று வரும், அங்கே உள்ளே போகலாம் என்று இருந்தது. அமுக்கினேன். வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் அடித்தேன். உள்ளே விட்டது.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் தோளைத் தட்டினேன். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் ஆணையைப் போனைப் பார்த்து அடித்தேன். நூறு சதவீதம் என்றது. எதையாவது அழித்தால் போதும், அப்பா உள்ளே போய்விடலாம்.

அப்பா எதை எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும். டாக்குமென்ட்ஸ் என்ற இடத்துக்குள் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள். தமிழில்தான் வைப்பார், அதில் அவருக்கு ஒரு பிடிவாதம். எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று வரிசையாகக் காட்டச் சொன்னேன். காட்டியது. அளவுகள் இருந்தன, பெயர்கள் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒரு வரியில் மூன்று கட்டம், ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு. எல்லாவற்றையும்விட மிகப் பெரியதாக இருந்த ஒன்றில் ஐந்து கட்டம். டிஸ்கில் பாதிக்கு மேல் அது ஒன்றே அடைத்திருந்தது.

அது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற பிறகு அப்பா ட்யூஷன் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பாடங்களை மைக் வைத்துப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். வருடக்கணக்காக. அதுதான் இவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று தோன்றியது. அந்தப் பிள்ளைகள் எல்லாம் காலேஜுக்குப் போய்விட்டார்கள்.

தமிழ்ப் பெயரை அந்தத் திரையில் அடிக்கவும் முடியாது. அதற்கும் போனில் ஒரு வழி இருந்தது. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அழிக்கும் ஆணையை அடித்து, ஐந்து கேள்விக்குறி போட்டேன். என்டரை அமுக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கேட்டேன்.

"அப்பா, பெரிசா ஒண்ணு இருக்கு. நீங்க பேசிவச்ச கணக்குப் பாடம்னு நெனைக்கேன். அத அழிச்சாத்தான் உள்ள போவ முடியும். அழிச்சிரட்டுமா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தலையாட்டினார்.

அடுத்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அழிக்க வேண்டாமா அப்பா? மூன்றே சொல். அந்த நேரம் வாசலில் பிளே ஸ்கூல் ஆட்டோவின் ஹாரன் அடித்தது. மகளை இறக்கிவிட்டால் அவள் நேரே தெருவைப் பார்த்து ஓடுவாள், கேட்டுக்கு நான் போயாக வேண்டும். ஆட்டோக்காரர் இரண்டாவது தடவை அடித்தார். நான் எழுந்தேன். எழுகிற வேகத்திலேயே என்டரை அமுக்கிவிட்டேன்.

விண்டோஸாக இருந்தால் நிச்சயமாகவா என்று கேட்டிருக்கும். இது கேட்கவில்லை. குப்பைத்தொட்டி என்று ஒன்றும் இல்லை. மகளை உள்ளே கூட்டி வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அழித்து முடித்து அடுத்த ஆணைக்குக் காத்திருந்தது.

நீலத் திரைக்குத் திரும்பிப் போய்ப் பாஸ்வேர்டை அடித்தேன். கறுத்தது. பிறகு முதல் தடவையாக உள்ளே விட்டது. திரை முழுக்க என் மகள் தொட்டிலில் கிடக்கும் படம். "தாத்தா, நானு" என்று கத்தினாள். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் சிரித்தார், ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால்தான் வரவைக்க முடிந்தது என்று அந்த ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது.

அப்பா இடது கையால் மவுஸைப் பிடித்தார். மெல்ல நகர்த்தி டாக்குமென்ட்ஸைத் திறந்தார். இப்போது பெயர்கள் தமிழில் அழகாக வந்தன. சபை. கணக்கு. படங்கள். வாசிக்க வராதவர் என்றாலும் எது எங்கே இருக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. அம்புக்குறி நேராக ஒரு இடத்துக்குப் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவையும் வந்தார். பிறகு மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்தோத்திரம்" என்றார். கோபத்தில் சொல்லும் ஸ்தோத்திரம் எனக்குத் தெரியும். தாகத்தில் சொல்வதும் தெரியும். இது இரண்டும் இல்லை. மிகவும் மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

என் மகள் பிறந்த வருடம் ஒரு நாள் அப்பா போனில் பேசினார். அம்மா அதற்குச் சில மாதம் முன்புதான் இறந்திருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு வால்பாறைப் பக்கம் வேலை, அம்மா நாசரேத்தில். கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்களாம். சமைத்துக்கொண்டே பேசுவது, பாடுவது, சண்டை போடுவது எல்லாம் அதில் உண்டு என்று அம்மா ஒரு தடவை வெட்கத்தோடு சொல்லியிருக்கிறாள். அன்று அப்பா சொன்னார், "ஏளா, உங்கம்மைய கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கேன். ஒண்ணொண்ணா வாரா." நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்லதுப்பா என்றேன். எங்கே வைக்கிறீர்கள், என்ன பெயரில் வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நம்மைப் போல எழுத்தை எண்ணுவதில்லை. புள்ளியை ஒன்றாகவும் துணைக்காலை ஒன்றாகவும் தனித்தனியே எண்ணும். அப்படி எண்ணினால் பாடம் என்ற சொல்லுக்கு ஐந்து கட்டம் வருகிறது. அம்மா என்ற சொல்லுக்கும் ஐந்து கட்டம்தான்.

கணக்கு என்றிருந்ததில் வீட்டு வரவுசெலவுதான். மிச்சம் இருந்த ஃபோல்டர்களில் பாடமும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறகு இன்னொன்றும் படித்தேன். ஐந்து கேள்விக்குறி என்றால் ஐந்து எழுத்துள்ள ஒன்று என்று பொருளில்லை, ஐந்து எழுத்துள்ள எல்லாம் என்று பொருள். அந்த வரிசையில் ஐந்து கட்டமுள்ள வரி இன்னொன்று இருந்ததா? நான் பெரியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. என்னவெல்லாமோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா விழுந்தபோது ஏதோ ஒன்று பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. நிறுத்த ஆளில்லாமல் டிஸ்க் நிரம்பும்வரை அது ஓடியிருக்கிறது. அம்மாவை ஏற்றும் டேப் ரெக்கார்டர் ஓடியதா, பாடம் பேசும் மைக் வைத்திருந்ததா என்று போன் செய்து கேட்டேன். அவருக்கு நினைவில்லை. "ஆளப் பாப்பனா, பெட்டியப் பாப்பனா" என்றார். நியாயம்தானே.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. "மாமாட்ட கேட்டேல்லா? தலையாட்டினாங்கல்லா? பொறவு எதுக்குக் கெடந்து உருகுத" என்றார். ஒரு தடவைதான் கேட்டேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அழித்தது உடனே அழிந்துவிடாது, அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை டிஸ்கில் கிடக்கும், அதனால் உடனே அணைத்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்ததை அழித்த அன்றே போனில் படித்ததும் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் அப்பா அதைத் திறந்துவைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பேரப்பிள்ளைக்குப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பிடுங்கியதும் திரை அணைந்தது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு துண்டால் மூடியபடி அங்கேயே இருக்கிறது. அப்பா நாலு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு இப்போதும் மேஜைக்கு வருகிறார். துண்டை எடுத்து மடித்து வைப்பார். பொத்தானைத் தொடுவார். வயர் வெளியே கிடக்கிறது, ஒன்றும் வராது. ரிப்பேர்ப்பா என்கிறேன். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போவார். அந்தப் பாட்டை மட்டும் அன்றைக்குப் பிறகு அவர் பாடவேயில்லை. மற்றப் பாட்டுகளைப் பாடுகிறார். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். இப்படிச் சில சமயம் ஒன்று நின்றுபோவதுண்டு, காரணம் சொல்ல முடியாது என்றாள். நான் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

நாசரேத் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கேசட்டுகள் கிடைத்தன. பதினொன்று. அம்மாவின் கையெழுத்தில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டிருக்கிறது. உள்ளே நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்றைப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்த்தேன், கரகரவென்று ஒரு சத்தம், பிறகு நாடா சிக்கிக்கொண்டது. மற்றப் பத்தையும் தொடப் பயமாக இருக்கிறது. என் கை படுவதெல்லாம் இப்படி ஆகிறது என்று தோன்றிவிட்டது.

இதை வாசிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பழைய டிஸ்கில், அழித்த பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடிய கம்ப்யூட்டரில், ஏதாவது மிச்சம் இருக்குமா? ஐந்து மாதம் மூடிவைத்தது வீணா? எப்படிப்பட்ட ஆளிடம் கொடுத்தால் ஃபார்மேட் அடிக்காமல் பார்ப்பார்? பூஞ்சை பிடித்த நாடாவை வீட்டில் சுத்தம் செய்யலாமா, தொடாமல் இருப்பதுதான் நல்லதா? யாராவது எழுதுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றும் கேட்க வேண்டும். வயரைச் செருகினால் அப்பாவுக்கு அந்தப் படங்களாவது கிடைக்கும், அம்மாவின் குரல் ஒருவேளை இருந்தால் அது போய்விடும். செருகாவிட்டால், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்காக இருப்பதையும் அவரிடமிருந்து பறித்து வைத்திருக்கிறேன். அவரிடமே கேட்கலாம். கேட்டால் தலையாட்டுவார். திருப்பிக் கேட்டாலும் தலையாட்டுவார். பேச்சுப் போனவர்களோடு வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், ஒரு கேள்வியை எப்படிக் கேட்டால் அவர்களுடைய உண்மையான பதில் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லித் தாருங்கள். மணி மூன்றரை ஆகிறது. அவருக்குக் காப்பி போட வேண்டும்.